என்னை அடித்தது அந்த டிரைவர் இல்லை

ஓசூரில் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருக்கும் என் மகனுக்கு,

முதலில் பல்லைக் கடிப்பதை நிறுத்து. தை மாதம் உனக்குக் கல்யாணம். எனக்கு ஏற்கெனவே முன்பல் ஒன்று போய்விட்டது. கல்யாணப் படத்தில் நம் குடும்பத்துக்கு ஒரு பொக்கை வாய் போதும். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருக்கிறது. சிவகாசியில் நம் அச்சு பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வேகத்தில் பொய் எழுதினால் எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இதில் இருப்பது முழுக்க உண்மை. உன் அம்மாவிடம் நான் சொன்னது வேறு சரக்கு.

நேற்று போனில் நீ சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "வெள்ளிக்கிழமை வாறேன். அந்த டிரைவர் மாடசாமி கைய ஒடிக்காம நான் திரும்ப பஸ் ஏறமாட்டேன். நீங்க குறுக்க வராதீகப்பா" என்றாய். குரலில் நடுக்கம்கூட இல்லை. காய்கறி வாங்கி வருகிறேன் என்பதைப் போலச் சொன்னாய். பயந்துபோய் உன் அம்மாவிடம் சொன்னால் அவள் பூரித்துப் போகிறாள். "பிள்ளைன்னா இப்பிடி இருக்கணும். இங்கன வந்து நம்மூரு ஆளுகள வேன்ல கூட்டிட்டுப் போறானாம், தெரியுமா? ஜிம்முக்குப் போற பயலுகளாம். எம்புட்டுப் பாசம் பாத்தீகளா!" என்கிறாள். உன் கல்யாணத்துக்குத் தாலி செய்யச் சொன்ன அதே வாயால் இதையும் சொல்கிறாள். ஜிம் பையன்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி எடுக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்கவும் செய்தாள்.

உனக்குச் செய்தி வந்த வழி எனக்குத் தெரியும். ஏழாயிரம்பண்ணை ரோட்டில் டீக்கடை போட்டிருக்கும் உன் பள்ளிக்கூடச் சேக்காளி, ஒரு காரின் பின்சீட்டில் நான் மல்லாந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறான். ஓட்டியவன் பட்டாசு கம்பெனி டிரைவர் மாடசாமி. அவன் சட்டையெல்லாம் ரத்தம். கார் வந்த திசையில் பட்டாசு கம்பெனி இருக்கிறது. உன் சேக்காளி மூன்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டான். விடை தப்பு. அந்த ரத்தம் என்னுடையதுதான், ஆனால் அது மாடசாமி சட்டைக்குப் போன விதம் வேறு.

தப்பை ஆரம்பித்து வைத்தவன் நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அம்மா, "யாரு? எவன்?" என்று அலறினாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பல் போன இடத்தில் காற்றுதான் வந்தது. அந்த இடைவெளியில் மூளை வேலை செய்துவிட்டது. "நாலஞ்சு தடியனுங்க" என்றேன். சாயங்காலம் அருப்புக்கோட்டை அத்தைக்குப் போன் போனபோது நாலைந்து பேர் பத்துப் பேர் ஆனார்கள். அத்தை வழியாக அது சிவகாசிக்குத் திரும்பி வந்தபோது அவர்கள் கையில் அரிவாள் முளைத்திருந்தது. நான் இரண்டு பேரைத் தூக்கி எறிந்ததாகவும் ஒரு செய்தி. அதை நான் மறுக்கவில்லை. மனுசன் மனசு, கேட்கச் சுகமாக இருந்தது.

என்னுடைய கேமராப் பைத்தியத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து குனிந்து பார்க்கிற அந்தப் பெட்டிக் கேமராவை மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்த நாள் முதல், ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் வீட்டில் இல்லை. வயல் ஓரம் சக்கரம் புதைந்து கிடக்கிற டிராக்டர், கருவேலமரம் உள்ளே முளைத்து வெளியே வந்துவிட்ட டிரெய்லர், அச்சில் மசகு காய்ந்த மாட்டுவண்டி, இவைதான் எனக்குச் சொந்தக்காரர்கள். கழுத்தில் மாட்டிக் குனிந்து நின்றால் சாமி கும்பிடுகிற மாதிரிதான் இருக்கும். இருக்கன்குடிப் பக்கம் ஒரு துருப்பிடித்த கலப்பை முன்னால் அப்படி நின்றபோது, பாதயாத்திரை போன கூட்டத்தில் இரண்டு பேர் வந்து தாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். "கட்டுன பொண்டாட்டிய ஒரு படம் எடுக்கத் துப்பில்ல, துருப்பிடிச்ச டிராக்டரு பின்னாடி அலையிறீக" என்று உன் அம்மா சொல்லாத வாரம் கிடையாது. மனிதர்களை எடுத்தால் தொப்பை தெரிகிறது, வழுக்கை தெரிகிறது என்று சண்டைக்கு வருவார்கள். டிராக்டர் யாரையும் அடிக்காது என்று நினைத்துத்தான் டிராக்டர் பக்கம் போனேன். என் ஜாதகம் அப்படி.

தங்கபுஷ்பம் அம்மாவை உனக்குத் தெரியும். ஏழாயிரம்பண்ணையில் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி. புருஷன் போனபிறகு தனி ஆளாக நடத்துகிறார். அவருடைய லேபிள் ஆர்டர் நம்மிடம்தான். அந்த அம்மாவின் கம்பெனிக்குள் புருஷன் காலத்து நீல டிராக்டர் ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் மிளகாய்க் காட்டை உழுதது, பிறகு தண்ணீர் டேங்கர் இழுத்தது, இப்போது ஓய்வு. சீட் கிழிந்து சாக்கு கட்டியிருக்கும். இடது மட்கார்டில் மட்டும் பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும். அந்த அம்மா கல்யாணமான புதிதில் அங்கே உட்கார்ந்துதான் காட்டுக்குப் போவாராம். பழைய இரும்புக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, வெட்டி எடுப்பதற்குள் ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று ஓடினேன்.

"வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா? ரெண்டு இட்லி வைக்கச் சொல்லட்டா?" என்று வாசலுக்கே வந்து கேட்டார். இந்த மரியாதையை மனதில் வைத்துக்கொள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இது எங்கே போகிறது என்று பார்.

கேட்டில் வழக்கம்போல எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். போன், தீப்பெட்டி, செருப்பு. நம் ஊரில் கம்பெனிக்குள் போகிறவன் எவனும் இதைச் சொல்லிச் செய்வதில்லை. கோயில் வாசல் மாதிரி தானாகவே நடக்கும். வாட்ச்மேன் என் சட்டைப் பையைத் தடவினான், இடுப்பைத் தடவினான். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என்னத்துக்கு அண்ணாச்சி, தாம்பாளம் மாதிரி?" என்றான். கேமராவோடு மாட்டியிருந்த பழைய பிளாஷைத்தான் கேட்டான். வட்டமான தகரத் தட்டு, நடுவில் கண்ணாடி பல்பு. "வெளிச்சம் போதலைன்னா போடுறது" என்றேன். டார்ச் லைட் போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே விட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்த்தவன், அது என்ன என்று தெரிந்தவன், அங்கே ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு அன்றைக்கு டிராக்டர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த பல்பு ஒரே தடவைதான் எரியும். உள்ளே மெல்லிய உலோக நூல் சுருண்டு கிடக்கும். பட்டனை அமுக்கினால் அது மொத்தமாக வெள்ளையாக எரிந்து, கண்ணாடி கொதித்து வெடிப்புவிடும். மத்தாப்புக்குள் நாம் போடுகிற சரக்குக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள். டிராக்டர் நின்றது ஒரு தகரக் கொட்டகைக்குள். வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது, உள்ளே டிராக்டர் கரிக்கட்டை மாதிரி நிற்கிறது. பிளாஷ் போட்டால்தான் மட்கார்டின் பளபளப்பு படத்தில் வரும். அந்தக் கொட்டகையின் பின்சுவருக்குப் பின்னால்தான் வெடிமருந்து அடைக்கிற அறை. நடுவே இருந்த கதவு திறந்திருந்தது. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை வரை வெள்ளிப் பொடி. எனக்கும் கதவுக்கும் நடுவே அந்த டிராக்டரின் நீளம்தான். 'தீயிலிருந்து விலகி நிற்கவும்' என்று லட்சக்கணக்கான லேபிளில் அச்சடித்த கை என் கை. அந்தக் கை பல்பை மாட்டி, பிளாஷைத் தூக்கி, பட்டனில் விரலை வைத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். படம் அற்புதமாக அமைந்திருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது என் மணிக்கட்டு. தங்கபுஷ்பம் அம்மா கையில் மண்வெட்டிக் கணை, அந்த மரப்பிடி. பிளாஷ் என் கையைவிட்டுப் பறந்து, கொட்டகையைத் தாண்டி வெளியே மணலில் போய் விழுந்தது. விழுந்த வேகத்தில் அதன் பட்டன் தட்டுப்பட்டிருக்க வேண்டும். படீரென்று வெள்ளை வெளிச்சம். பட்டப்பகலில், அந்த வெயிலிலும் எல்லோருடைய நிழலும் ஒரு கணம் சுவரில் விழுந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. உள்ளே இருந்த பெண்கள் எழுந்து நின்று மணலைப் பார்த்தார்கள். மணலில் புகைந்துகொண்டிருந்த கண்ணாடியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"ஏலே! உள்ள என் பிள்ளைக அம்புட்டுப் பேரும் இருக்காளுகலே! ஒனக்குப் படம் கேக்குதாலே?" இட்லி வைக்கட்டுமா என்று கேட்ட அதே வாய். கணை மறுபடி இறங்கியது, இந்தத் தடவை தோளில். பிறகு பெண்கள் வந்தார்கள். தம்பி, நான் சின்ன வயதில் தேர்தல் கலவரம் பார்த்திருக்கிறேன். ஜல்லிக்கட்டுக் காளை கூட்டத்துக்குள் புகுந்து குடல் சரிந்ததையும் பார்த்திருக்கிறேன். இது அதிலெல்லாம் சேர்த்தி இல்லை. அவர்கள் யாரும் கத்தவில்லை. ஒருத்தி தலைமுடியைப் பிடித்துக் கீழே சாய்த்தாள். ஒருத்தி விலா மேல் ஏறி மிதித்தாள். தண்ணீர் மொள்ளுகிற போணியால் ஒருத்தி வாயில் போட்டாள், பல் அப்போதுதான் போனது. ஒருத்தி கடித்தாள், அதற்கு ஊசி போட வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செருப்பெல்லாம் கேட்டில் கிடந்ததால் செருப்படி மட்டும் விழவில்லை. கொல்லத்தான் அடித்தார்கள். ஒரு வார்த்தைகூட மிகையில்லை. சாகவிருந்தது தாங்கள்தான் என்று தெரிந்த பயம் கைக்கு இறங்கிவிட்டால் அது யாருடைய கை என்று பார்க்காது. நான் அழுதேன். உன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதேன். அவளிடம் இதைச் சொல்லாதே, தலைக்கேறிவிடும்.

அப்போதுதான் என் மேல் இன்னும் பெரிய பாரம் ஒன்று விழுந்தது. முடிந்தது கதை என்று கண்ணை மூடினேன். அடி சத்தம் கேட்கிறது, வலி வரவில்லை. கண்ணைத் திறந்தால் என் முகத்துக்கு நேராக மாடசாமியின் முகம். அந்த அம்மாவின் காரைக் கழுவிக்கொண்டிருந்தவன் ஓடிவந்து, இழுக்க முடியாமல், என்மேல் குப்புற விழுந்து கிடக்கிறான். எனக்கு வரவேண்டியதெல்லாம் அவன் முதுகில் விழுகிறது. "விடுங்கக்கா... அக்கா, செத்துருவாருக்கா... விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என் வாயிலிருந்து வந்த ரத்தம் அவன் சட்டையில் அப்படித்தான் ஏறியது. நீ கையை ஒடிக்கப் போவது அவனுடைய கையைத்தான்.

ஆஸ்பத்திரிக்கும் அந்த அம்மாவே கூட வந்தார். கேமராவை ஏற்கெனவே தீயணைப்புத் தொட்டிக்குள் வீசிவிட்டிருந்தார். சாத்தூர் வரைக்கும் முன்சீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்டு முடித்ததும் பக்கத்தில் வந்தார்.

"வலிக்குதா அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"வலிக்கட்டும்."

பிறகு, கல்யாணத்துக்கு முன்னால் தான் கூலிக்குப் போன ஒரு கம்பெனியைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில் அந்த அறை போய்விட்டதாம். "காலையில சேந்து சாப்பிட்ட பிள்ளைக. வளையல வச்சுத்தான் இவ இன்னார், அவ இன்னார்னு பிரிச்சோம். அதுவும் உருகிப்போன வளையலு. இன்னைக்கு நீங்க அந்தப் பட்டன அமுக்கியிருந்தா, ஒங்க வீட்டம்மா சாயங்காலம் எத வச்சு ஒங்கள அடையாளம் பாத்திருப்பாக? இந்தத் தொப்பைய வச்சா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, முதுகு குலுங்க நெடுநேரம் அழுதார். போகும்போது, "வெளிய என்ன சொல்லணுமோ சொல்லிக்கிடுங்க. நான் மறுத்துப் பேசமாட்டேன்" என்றார். அந்தப் பெருந்தன்மையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாலைந்து தடியன்களைப் பெற்றெடுத்தேன்.

உன் பெரியப்பாவைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் வீட்டில் இதைப் பேசுவதில்லை. நம்முடைய சாத்தூர்க் காட்டில் அப்போது ஒரு டிராக்டர் இருந்தது. ஒருநாள் காலையில் அதில் பேட்டரியைக் காணோம். டீக்கடையில் யாரோ சுடலைமுத்து பெயரைச் சொன்னார்கள். பக்கத்துக் காட்டில் லோடு ஏற்றுகிறவர். உன் பெரியப்பாவுக்கு அப்போது உன் வயது, உன் உடம்பு, உன் அதே நிதானமான குரல். ஆள் சேர்த்துக்கொண்டு போனார். சுடலைமுத்துவை இழுத்து வந்து, அதே டிராக்டரின் மட்கார்டு மேல் அவர் வலது கையை இரண்டு பேர் விரித்துப் பிடித்துக்கொள்ள, வண்டியைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணுகிற இரும்புக் கம்பியால் போட்டார். ஒரு தடவை இல்லை. அந்த மனிதர் முதலில், "நான் எடுக்கல முதலாளி" என்றார். பிறகு, "நான்தான் எடுத்தேன் முதலாளி" என்றார். அதற்குப் பிறகும் போட்டார். சாயங்காலம் உன் தாத்தா வந்து, பேட்டரியைச் சார்ஜ் போடச் சாத்தூர்க் கடையில் தான்தான் கொடுத்திருப்பதாகவும், சொல்ல மறந்துவிட்டதாகவும் சொன்னார். மட்கார்டை அப்போதும் யாரும் கழுவியிருக்கவில்லை.

நம் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் ஒரு பெரியவர் வந்து பந்தியின் கடைசியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிடுவாரே, சின்னப் பிள்ளையில் நீகூட, "ஏன் அந்தத் தாத்தா பீச்சாங்கையால திங்கிறாரு?" என்று சத்தமாகக் கேட்டு என்னிடம் அடி வாங்கினாயே, அவர்தான். பெரியப்பா வேறு யாரையும் அவருக்குப் பரிமாற விடமாட்டார். குனிந்து வைப்பார், நிமிரும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். இப்போது என் வலது கை கட்டில் கிடக்கிறது. உன் அம்மா இல்லாதபோது நானும் இடது கையால்தான் சாப்பிடுகிறேன். சோறு வாய்க்கு வரும் முன்னால் சட்டைக்கு வருகிறது. எனக்கு அடுத்த மாதம் கட்டுப் பிரிப்பார்கள். அவர் இப்படியே ஒரு ஆயுசு சாப்பிட்டிருக்கிறார்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உன் வீட்டு ஆள் ஒருத்தர் அடிபட்டு வந்து நின்றால் முதலில் மருந்து போடு. யார் அடித்தது என்று பொறுத்துக் கேள். ஏன் அடித்தார்கள் என்பதை மட்டும் அடிவாங்கினவனிடம் கேட்காதே. அவன் எப்போதும் நல்லவனாகத்தான் இருப்பான். நான் எவ்வளவு நல்லவனாக இருந்தேன் பார்த்தாயல்லவா?

போனில் இதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்பா பயந்து போய்ச் சமாதானம் பேசுகிறார் என்பாய். நீ நம்பினாலும் ஜிம் பையன்கள் நம்ப மாட்டார்கள். வேன் பிடித்தாயிற்று, சும்மா திரும்ப அவர்களுக்கு மனம் வராது. அதனால் இந்தக் கடிதத்தை உறையில் போடவில்லை. மேலே உள்ளதை நம் பிரஸ்ஸில் நோட்டீஸாகவே போட்டுவிட்டேன்; இந்தக் கடைசிப் பகுதி மட்டும் பிறகு உனக்காகச் சேர்த்தது. மெஷின் ஓட்டுகிறவன் சிரித்த சிரிப்பில் நிறைய தாள் வீணாகிவிட்டது. அச்சுக்குப் போகும் முன்னால் தங்கபுஷ்பம் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். "கம்பெனிய பத்தி எழுதினது இருக்கட்டும் அண்ணாச்சி. நாலு பேருக்குப் புத்தி வரும்னா வரட்டும்" என்றார். பிறகு, "ரெண்டாவது அடி தோள்ல இல்ல, முதுகுல" என்றார். தோள்தான். அடி வாங்கினவனுக்குத் தெரியாதா? மாற்றவில்லை.

ஏழாயிரம்பண்ணை ரோட்டு டீக்கடையில் உன் சேக்காளியே இதைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறான். ஜிம் வாசலில் ஒட்டியாகிவிட்டது. வேன் டிரைவரிடம் ஒன்று, அத்தைக்கு ஒன்று, உனக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டுக்கு மூன்று. உன் அப்பன் பெண்களிடம் அடிவாங்கி, கடிபட்டு, பொண்டாட்டி பேரைச் சொல்லி அழுதவன் என்று சூலக்கரையிலிருந்து சாத்தூர் வரை இப்போது தெரியாத ஆள் இல்லை. நீ எந்த மானத்தைக் காப்பாற்ற வருகிறாயோ அதில் ஒரு துணுக்குகூட நான் மிச்சம் வைக்கவில்லை. பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. பெண்ணே பேசியது. "மாமா, கை எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அடக்க முடியாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டது. நல்ல பெண். உன்னைச் சமாளித்துவிடும்.

வெள்ளிக்கிழமை நீ வரத்தான் வேண்டும். தனியாக வா. சாத்தூரில் இறங்கு, கார் வந்து நிற்கும். ஓட்டி வருகிறவன் மாடசாமி. பின்சீட்டில் போய் உட்காராதே, முன்னால் அவன் பக்கத்தில் உட்கார். அவனுக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்தேன். நீ எதற்கு வருவதாக இருந்தாய் என்பது வரைக்கும் படித்து முடித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். என்ன சொல்லப் போகிறானோ என்று நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி வழியில சாப்பிட்டுட்டு வருவாரா, இல்ல இங்கன வந்துதான் சாப்பிடணுமா அண்ணாச்சி?" என்றான்.